980 பிக்சல் என்று சொன்ன செல்போன்

2007-ல் முதல் ஐபோன் வந்தபோது அதன் திரை அகலம் 320 பிக்சல்தான். அன்றைய இணையதளங்களில் பெரும்பாலானவை மேசைக் கணினியை மனதில் வைத்து, 960 பிக்சல் போன்ற நிலையான அகலத்தில் கட்டப்பட்டவை. அவற்றை 320-க்குள் அடைத்தால் எல்லாம் சிதைந்துவிடும். ஆப்பிள் ஒரு தந்திரம் செய்தது. ஃபோனில் இருந்த சஃபாரி பிரவுசர், தன் அகலம் 980 பிக்சல் என்று பக்கத்திடம் சொல்லும். பக்கம் அதை நம்பி விரிந்துகொள்ளும். அப்புறம் பிரவுசர் அதை முழுசாகச் சுருக்கித் திரையில் காட்டும். தளம் உடையாது, ஆனால் படிக்க வேண்டுமென்றால் இரண்டு விரலால் பெரிதாக்கி, வரிக்கு வரி இடமும் வலமும் தள்ள வேண்டும்.

இந்த ஏற்பாடு இன்னும் போகவில்லை. பக்கம் எதுவும் சொல்லாவிட்டால் இன்றைய ஃபோன் பிரவுசர்களும் 980 என்றே வைத்துக்கொள்கின்றன. அதை மாற்ற, பக்கத்தின் நிரலில், அதன் தலைப்பகுதியில் 'வியூபோர்ட்' என்ற ஒரு வரி போதும்: ஃபோனின் நிஜ அகலத்தையே எடுத்துக்கொள் என்ற கட்டளை. இது விடுபட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண். ஃபோனில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும் தளத்தில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

சரி, நிஜ அகலம் என்றால் எது? 2010-ல் வந்த ஐபோன் 4, பழைய திரை அளவிலேயே குறுக்காக 640 புள்ளிகளை வைத்தது. பக்கம் அதை 640 என்று எடுத்துக்கொண்டால் எழுத்துகள் பாதியாகச் சிறுத்துப்போகும். அதனால் பிரவுசர் 320 என்றே சொல்லி, ஒவ்வொரு பிக்சலையும் நான்கு புள்ளிகளால் வரைந்தது. இணைய வடிவமைப்பில் பிக்சல் என்பது திரையில் மின்னும் புள்ளி அல்ல, ஓர் அளவு. இன்று 1080 புள்ளி அகலமுள்ள பல ஆண்ட்ராய்டு ஃபோன்களும் பக்கத்திடம் 360 என்றுதான் சொல்கின்றன.

அதே 2010 மே மாதம், ஈதன் மார்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 'எ லிஸ்ட் அபார்ட்' இணைய இதழில் எழுதிய கட்டுரையில், ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் முறைக்கு 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்று பெயர் வைத்தார். அவர் சேர்த்துக் காட்டியவை மூன்று. முதலாவது, அகலத்தைப் பிக்சலில் சொல்லாமல் விகிதத்தில் சொல்வது. 960-ல் 300 பிக்சல் எடுக்கும் பத்தியை (செங்குத்தான பகுதியை) 31.25 சதவீதம் என்று எழுதினால், திரை எதுவானாலும் விகிதம் மாறாது. இரண்டாவது, படம் தன் பெட்டியை மீறாமல் பார்த்துக்கொள்வது. மூன்றாவது 'மீடியா குவரி': அகலம் இன்ன அளவைத் தாண்டினால் மட்டும் இந்தத் தோற்ற விதிகள் செல்லும் என்ற நிபந்தனை. மூன்று பத்திகள் ஃபோனில் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்குவது இதனால்தான்.

அந்த நிபந்தனை அளவை எப்படித் தீர்மானிப்பது? ஐபோனுக்கு ஒன்று, டேப்லெட்டுக்கு ஒன்று என்று கருவிகளைப் பார்த்துப் பிரிப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. அடுத்த வருடம் வேறு அளவில் ஒரு ஃபோன் வரும். பிரவுசர் ஜன்னலை மெதுவாகக் குறுக்கிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் வரிகள் நெருக்கியடிக்கின்றனவோ அதுதான் எல்லை. 2023 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் 'கன்டெய்னர் குவரி'யும் வந்துவிட்டது. இனி ஒரு பகுதி முழுத் திரையைப் பார்க்காமல், தனக்குக் கிடைத்த இடத்தை மட்டும் பார்த்து மாறிக்கொள்ளலாம்.

இதனால் பயன்பெறுவது ஃபோன் மட்டுமல்ல. பார்வை மங்கிய ஒருவர் 1280 பிக்சல் கணினித் திரையை 400 சதவீதம் பெரிதாக்கினால், பக்கத்துக்குக் கிடைக்கும் அகலம் ஃபோன் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நன்றாகக் கட்டிய தளம் உடனே ஒற்றைப் பத்தியாக மாறி, பக்கவாட்டில் தள்ளாமலே படிக்க வைக்கும்.

தமிழ்த் தளங்களில் கூடுதல் கவனம் வேண்டும். 'விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்களுக்கு' போன்ற சொல் பெரிய தலைப்பில் வந்தால், நடுவில் இடைவெளி இல்லாததால் பிரவுசர் அதை உடைக்காது. பக்கமே பக்கவாட்டில் நீண்டுவிடும். நீளச் சொல்லைத் தேவைப்பட்டால் உடைக்கலாம் என்று விதியில் அனுமதி தர வேண்டும். பொத்தானுக்கு நிலையான உயரம் வைத்தால் 'கு', 'மூ' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி வெட்டுப்படலாம். தமிழ் வாசகம் இரண்டாவது வரிக்கு இறங்கினால் பாதி காணாமல் போகும். உயரத்தை எழுத்தே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டு, சுற்றிலும் இடம் மட்டும் கொடுத்தால் போதும்.