கல்கண்டு ஆகாமல் உறைய வேண்டும்

என் சித்தி மகளுக்கு 34 வயது. சென்னையில் வங்கி வேலை. கல்யாணம் இன்னும் அமையவில்லை. ஆனால் தனக்கு ஒரு குழந்தை வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. கருமுட்டைகளை எடுத்து உறைய வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தபோது துணைக்கு என்னை அழைத்தாள். மருத்துவமனையில் கொடுத்த படிவத்தில் அவள் பெயருக்கு அடுத்த கட்டமே கணவர் பெயர். அதில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள். ‘கணவர் வரவில்லையா?’ என்று வரவேற்பில் ஒருவர், ரத்தம் எடுத்த இடத்தில் ஒருவர், ஸ்கேன் அறை வாசலில் ஒருவர் என மூன்று பேர் கேட்டார்கள். மூன்று முறையும் அவளே பொறுமையாகப் பதில் சொன்னாள். எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது.

திரும்பும் வழியில், ஆட்டோவில், அவள் கேட்டது வேறு. ‘அக்கா, ஃப்ரீசரில் வைத்த தக்காளியை வெளியே எடுத்தால் கூழாகிவிடுகிறதே. முட்டை மட்டும் எப்படித் தப்பிக்கும்?’

ஆய்வாளர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்த கேள்வி இதுதான்.

தக்காளி கூழாவது குளிரால் அல்ல, பனிக்கட்டியால். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து செல்களைக் குத்திக் கிழிக்கின்றன. உறைந்திருக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. உருகியதும் எல்லாம் சரிந்துவிடும். கருமுட்டைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மனித உடலிலேயே மிகப் பெரிய செல் அது. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கூரான பென்சிலால் தொட்டுவைத்த புள்ளி அளவு. அதற்குள் நிறையத் தண்ணீர்.

விந்தணுவுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. அது மிகச் சிறியது, உள்ளே தண்ணீரும் குறைவு. உறைய வைத்த விந்தணுவால் 1953-லேயே கருத்தரிப்பு நிகழ்ந்துவிட்டது. உறைய வைத்த கருவிலிருந்து 1984-ல் மெல்போர்னில் குழந்தை பிறந்தது. கருவில் பல செல்கள் உண்டு. ஒன்றிரண்டு செத்தாலும் மீதி வளரும். முட்டை ஒற்றைச் செல். அது போனால் போனதுதான்.

1986-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கிறிஸ்டஃபர் சென் என்ற மருத்துவர் உறைய வைத்த முட்டையிலிருந்து கருத்தரிக்கச் செய்தார்; இரட்டைக் குழந்தைகள். ஆனால் அந்த வெற்றியை மற்றவர்களால் எளிதில் திரும்பச் செய்ய முடியவில்லை. பனிப்படிகம் ஒரு காரணம். முட்டைக்குள், மரபுப் பொருளைத் தாங்கும் குரோமோசோம்களை வரிசையாகப் பிடித்து நிறுத்தியிருக்கும் கதிர்க்கோல் இழைகள் குளிர்ந்தாலே குலைந்துபோவது இன்னொன்று. மூன்றாவதாக, உறைந்து மீண்ட முட்டையின் மேலுறை இறுகிவிடுகிறது. விந்தணுவால் துளைத்து உள்ளே போக முடிவதில்லை. இந்த மூன்றாவது தடையை 1997-ல் இத்தாலியின் போலோன்யா நகரில் எலியோனோரா போர்கு குழுவினர் தாண்டினார்கள்: ஒற்றை விந்தணுவை நுண்ணூசியில் ஏற்றி நேராக முட்டைக்குள் செலுத்தினார்கள். இன்றும் உறைந்த முட்டைகளுக்கு இதுதான் வழி. பிறகு 2004-ல் இத்தாலி, கருக்களை உறைய வைக்கவே கூடாது என்று சட்டம் போட்டது. தம்பதிகளை வருத்திய சட்டம் அது. ஆனால் அதனாலேயே அந்நாட்டு ஆய்வகங்கள் கருவை விட்டுவிட்டு முட்டையை உறைய வைப்பதில் முழுமூச்சாக இறங்கின.

பனிப்படிகத்தை வென்ற கதைக்கு வருகிறேன். கெட்டியான சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் அசைக்காமல் வைத்தால் கல்கண்டு விளைகிறது. மூலக்கூறுகள் நிதானமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும் படிகம் அது. அதே பாகை முறுகக் காய்ச்சித் தட்டில் ஊற்றிச் சட்டென்று ஆறவிட்டால் மிட்டாய். கண்ணாடிபோல இருக்கும், உள்ளே படிகம் கிடையாது. வரிசையில் சேர நேரம் கிடைக்காததால் மூலக்கூறுகள் அவை இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. முட்டைக்குள் இருக்கும் தண்ணீரையும் இப்படித்தான் கல்கண்டாக விடாமல் மிட்டாயாக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதை விட்ரிஃபிகேஷன் என்கிறார்கள். கண்ணாடியாக்கம் என்று நாம் சொல்லலாம்.

அதற்குப் பாகு கெட்டியாக இருக்க வேண்டும், குளிர்வது படுவேகமாக இருக்க வேண்டும். ஓர் ஆய்வகத் திரையில் இதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். எத்திலீன் கிளைக்காலும் டைமெத்தில் சல்பாக்சைடும் கலந்த முதல் கரைசலில் முட்டையை விட்டதும், உப்பில் போட்ட மாவடு போல அது சுருங்கியது. தண்ணீர் வெளியேறுகிறது. உருண்டையாக இருந்தது ஒரு பக்கம் குழிந்து, பார்க்கவே பயமாக இருந்தது. ‘பயப்படாதீர்கள், திரும்பி வரும்’ என்றார் அங்கிருந்த கருவியல் வல்லுநர். வெளியேறிய தண்ணீரின் இடத்தைக் கரைசலிலிருந்த பொருள்கள் மெல்ல நிரப்ப, பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் முட்டை பழையபடி உருண்டு நின்றது. அடுத்தது இன்னும் கெட்டியான கரைசல். இதில் நம் வீட்டுச் சர்க்கரையேதான், சுக்ரோஸ், சேர்ந்திருக்கும். முட்டை மறுபடி சுருங்கத் தொடங்கும். இந்தக் கரைசல் அதிக நேரம் பட்டால் நஞ்சு. ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் வேலை முடிய வேண்டும். மெல்லிய குழாயால் முட்டையை உறிஞ்சி, அரை மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத பிளாஸ்டிக் பட்டையின் நுனியில் வைத்து, சுற்றியிருந்த திரவத்தை முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டு, நேராகத் திரவ நைட்ரஜனுக்குள் நுழைத்தார். மைனஸ் 196 டிகிரி. துளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு வேகமாகக் குளிரும்; இங்கே நிமிடத்துக்கு 20,000 டிகிரிக்கும் மேற்பட்ட வேகம். ஒரு நொடிகூட ஆகாது.

இந்த மெல்லிய பட்டை முறையை ஜப்பானின் மசாஷிகே குவாயாமா 2005-ல் விவரமாக வெளியிட்டார். அதன் பிறகு நிலைமை மாறியது. தேர்ந்த ஆய்வகங்களில் உறைந்த முட்டைகளில் பத்துக்கு ஒன்பது வரை உயிரோடு மீள்கின்றன. 2012-ல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம், முட்டை உறைய வைப்பது இனி ‘பரிசோதனை முயற்சி’ அல்ல என்று அறிவித்தது. மைனஸ் 196 டிகிரியில் வேதிவினைகள் ஏறக்குறைய நின்றுவிடுவதால், ஓராண்டு இருந்த முட்டைக்கும் ஐந்தாண்டு இருந்த முட்டைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. முட்டைக்கு வயது ஏறாது.

முட்டையின் வயது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போது அவளுக்கு 60, 70 லட்சம் முட்டைகள். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம். எண்ணிக்கை குறைவது ஒரு பக்கம். தரம் குறைவதுதான் பெரிய சங்கதி. ஒவ்வொரு முட்டையும், குரோமோசோம்களைப் பாதியாக்கும் தன் குன்றல் பகுப்பைச் சிசுப் பருவத்திலேயே தொடங்கி, பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறது. ஜோடி குரோமோசோம்களைக் கொஹீசின் என்ற புரதம் சேர்த்துக் கட்டியிருக்கிறது. 35 வயதில் முதிரும் முட்டைக்குள் இருப்பது 35 ஆண்டுகளுக்கு முன் போட்ட கட்டு. அது நைந்துபோனால் பிரியும்போது கணக்குத் தவறுகிறது. ஒரு குரோமோசோம் கூடுதலாகவோ குறைவாகவோ போய்விடுகிறது. பெரும்பாலும் அந்தக் கரு வளராது, அல்லது கலைந்துவிடும். 35 வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு கருவுக்கு இந்தக் குறை. 40 வயதில் பாதிக்கும் மேல். கருப்பை இவ்வளவு வேகமாக முதிர்வதில்லை. 40 வயதைக் கடந்த பெண், இளம் பெண் தானமாகத் தந்த முட்டையால் கருத்தரிக்கும்போது, வெற்றி வாய்ப்பு தந்தவரின் வயதைத்தான் பெரிதும் ஒட்டிப் போகிறது.

முட்டைகளை எடுக்கும் முறை பலரும் அஞ்சும் இடம். ‘பத்துப் பதினைந்து முட்டையை ஒரேயடியாக எடுத்துவிட்டால் பின்னால் சீக்கிரம் தீர்ந்துவிடாதா?’ என்று என் சித்தி கேட்டார். தீராது. ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் ஃபாலிக்கிள் எனப்படும் சிறு நீர்ப்பைகள் ஒரு கூட்டமாக வளரத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை. இவற்றை வளர்க்க உடல் சுரக்கும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் ஒன்றுக்குத்தான் போதும். அந்த ஒன்று முந்திக்கொள்ள, மற்றவை அந்த மாதமே வாடி அழிகின்றன. ஊசியில் கொடுப்பது அதே எஃப்எஸ்ஹெச், எல்லாவற்றுக்கும் போதுமான அளவில். எப்படியும் அழியப்போகிறவற்றைத்தான் காப்பாற்றி எடுக்கிறோம்.

சித்தி மகள் தினமும் இரவு ஒன்பது மணிக்குத் தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைக் கிள்ளிப் பிடித்துத் தானே போட்டுக்கொண்டாள். பதினோரு நாள். இடையிடையே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. முட்டைகள் முந்திக்கொண்டு வெடித்து வெளியேறாதிருக்க ஆறாம் நாளிலிருந்து இன்னொரு ஊசி. கடைசி ஊசிக்குத்தான் கடிகாரம் பார்க்க வேண்டும். அது போட்டதும் பாதியில் நின்ற பகுப்பு மறுபடி தொடங்கி, முட்டை முதிர்ந்து சுவரிலிருந்து விடுபடுகிறது. 34 முதல் 36 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். முந்தினால் முதிர்ந்திருக்காது, பிந்தினால் வெளியேறிவிடும். சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு ஊசி. திங்கள் காலை ஒன்பதரைக்கு அறுவை அரங்கு. லேசான மயக்கத்தில், ஸ்கேன் கருவியின் துணையோடு பிறப்புறுப்பு வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி, ஒவ்வொரு ஃபாலிக்கிளிலிருந்தும் திரவத்தை உறிஞ்சுகிறார்கள். இருபது நிமிட வேலை. திருமணமாகாத பெண்கள் இந்த வழியைக் கேட்டதும் தயங்குவது எனக்குத் தெரியும். தயக்கத்தை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோப்பது உண்டு. நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். கடைசி ஊசிக்கான மருந்தை மாற்றிக் கொடுப்பதால் இது இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. அரிதாக ரத்தக்கசிவும் நேரும்.

ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை பற்றியும் சொல்லியாக வேண்டும். அது சொல்வது, ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கலாம் என்பதைத்தான். முட்டையின் தரத்தை அது சொல்லாது. எண் குறைவாக வந்ததும் ‘இனி இயற்கையாகக் குழந்தையே பிறக்காது’ என்று கலங்கி அழும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முடிவுக்கு இந்தப் பரிசோதனை ஆதாரம் ஆகாது.

எத்தனை முட்டை போதும்? பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் தரவுகளைக் கொண்டு 2017-ல் வெளியான ஒரு கணிப்பு இப்படிச் சொல்கிறது: ஒரு குழந்தையாவது பிறக்க 75 சதவீத வாய்ப்பு வேண்டுமானால், 34 வயதில் 10 முதிர்ந்த முட்டைகள், 37 வயதில் 20, 42 வயதில் 61. 34-லிருந்து 37-க்குள், மூன்றே ஆண்டுகளில், தேவை இரட்டிப்பாகிறது. 75 சதவீதம் என்பதன் மறுபக்கம், நால்வரில் ஒருவருக்குக் கைகூடாது. மருத்துவமனை விளம்பரங்களில் ‘தாய்மைக்கு உத்தரவாதம்’ என்ற தொனி தெரியும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உறைய வைத்த பெண்களில் பெரும்பாலோர் திரும்பி வந்து அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்பதும் உண்மை. பலருக்கு இயற்கையாகவே குழந்தை பிறந்துவிடுகிறது. இன்னொன்று: நின்றுபோவது முட்டையின் வயது மட்டும்தான். 45 வயதில் கருவுறும் உடலுக்கு ரத்தக்கொதிப்பும் கர்ப்பகாலச் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பு கூடுதல்.

நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், 21 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் உள்ள பெண்ணுக்கு இந்தச் சிகிச்சைகளை அனுமதிக்கிறது. மணமாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் வாடகைத்தாய் தொடர்பான சட்டத்தில், தனித்து வாழும் பெண்களில் 35 முதல் 45 வயது வரையுள்ள கைம்பெண்களுக்கும் மணமுறிவு பெற்றவர்களுக்கும்தான் இடம். மணமாகாதவர் முட்டைகளைச் சேமிக்கலாம். பின்னால் தன்னால் சுமக்க முடியாமல் போனால் அந்தக் கதவு மூடியிருக்கும். கையெழுத்துப் போடும் முன்பே இதை எடுத்துச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை. சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல் 21 முதல் 37 வயது வரையுள்ள பெண்கள் சேமிக்கலாம். அவற்றைப் பயன்படுத்தச் சட்டப்படி மணமாகியிருக்க வேண்டும். சீனாவில், மணமாகாமலே முட்டைகளை உறைய வைக்க உரிமை கேட்டு வழக்குத் தொடுத்த பெய்ஜிங் பெண் ஒருவரின் இறுதி மேல்முறையீடு 2024-ல் தள்ளுபடி ஆனது.

திங்கள் மதியம் அவள் கண் விழித்தபோது, பதினொரு முட்டைகள் கிடைத்ததாகச் செவிலியர் சொன்னார். மாலையில் கருவியல் வல்லுநரே தொலைபேசியில் அழைத்தார். சுற்றியிருந்த செல்களைக் களைந்துவிட்டுப் பார்த்ததில் ஒன்பதுதான் முழுமையாக முதிர்ந்தவை. முதிர்ந்ததற்கு அடையாளமான, துருவ உறுப்பு என்னும் சிறு செல் அவற்றில்தான் இருந்தது. ஒன்பதையும் கண்ணாடியாக்கி, மூன்று பட்டைகளில் மும்மூன்றாக வைத்திருக்கிறார்கள். தக்காளிக் கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒன்பது போதுமா, இன்னொரு சுற்று போகலாமா என்பதுதான் இப்போதைய பேச்சு. போவதென்றால் அடுத்த மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஊசி தொடங்க வேண்டும். இந்த முறை படிவத்தை நான் நிரப்பித் தருகிறேன் என்றேன். வேண்டாம், அந்தக் கோட்டை நானே போடுகிறேன் என்றாள்.