தொப்புள் மூடும் வரை

முட்டையை உடைத்து வெளியே வந்த கூஸ் வாத்துக் குஞ்சு ஒன்று, கழுத்தைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கிறது. வாயில் ஏதாவது ஊட்டிவிடலாமே என்றுதான் முதலில் தோன்றும். அவசரப்பட வேண்டாம். சாப்பாடு ஏற்கெனவே அதன் வயிற்றுக்குள் இருக்கிறது.

பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்னால், மிச்சமிருக்கும் மஞ்சள் கரு பையோடு சேர்ந்து தொப்புள் வழியாகக் குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இரண்டு மூன்று நாளைக்கு அதுதான் கட்டுச்சோறு. தாய் கொடுத்தனுப்பிய நோய் எதிர்ப்புப் புரதங்களும் அதில்தான் இருக்கின்றன.

சிக்கலும் அங்கேதான். குஞ்சுக்குச் சத்தான மஞ்சள் கரு, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களுக்கும் விருந்து. கதகதப்பான இடம், குறையாத தீனி, வேறென்ன வேண்டும்? தொப்புள் சரியாக மூடாமல் இருந்தால் அழுக்கு ஓட்டிலிருந்தோ எச்சத்திலிருந்தோ கிருமி நேராக உள்ளே போய்விடும். அடைகாக்கும் கருவியில் வெப்பமும் ஈரப்பதமும் தவறினால் தொப்புள் ஒழுங்காக மூடாது. உதவி செய்வதாக நினைத்து நாமே ஓட்டை முன்கூட்டி உரித்துவிட்டாலும் இதே கதைதான்.

குஞ்சைக் கையில் ஏந்தி அடிவயிற்றைப் பாருங்கள். உலர்ந்த சின்னப் பொருக்கு இருந்தால் நல்லது. சிவந்து, ஈரமாக, வாடை அடித்து, வயிறும் உப்பியிருந்தால் தொற்று தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு ஆன்டிபயாடிக் தேவையா, எது, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நூல்போல ஏதாவது தொங்கினால் இழுக்கவே கூடாது; உள்ளே அந்தப் பை குடலோடு இணைந்திருக்கிறது. நீர்த்த பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைப் பஞ்சில் தொட்டுத் தொப்புளில் வைத்தால் போதும். முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மோனெல்லா என்ற பாக்டீரியா குஞ்சிடமிருந்து நமக்கும் வரும்.

என்னைக் கேட்டால் முதல் மருந்து சூடுதான். புதுக் குஞ்சால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்துபோனால் மஞ்சள் கரு கரைவது மந்தமாகும். அது தேங்கத் தேங்கக் கிருமிக்குத்தான் லாபம். முதல் சில நாட்களுக்கு விளக்கின் கீழ் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். பெட்டியின் மறுபாதி சற்றுக் குளிர்ச்சியாக இருந்தால், சூடு தாங்காதபோது குஞ்சு நகர்ந்துகொள்ளும். நகர முடியாத குஞ்சை நாம்தான் கவனிக்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் விளக்கை உயர்த்துங்கள். கீழே செய்தித்தாள் வேண்டாம், கால் வழுக்கி விரிந்துவிடும். சொரசொரப்பான சுத்தமான துணி போடுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

உடம்பு சூடேறியதும் வெதுவெதுப்பான தண்ணீர், அப்புறம்தான் தீனி. தண்ணீரையும் தொண்டைக்குள் ஊற்றக்கூடாது. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் திறந்திருப்பதால் ஒரு சொட்டு தவறினாலும் நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் நுனியை நனைத்தால் தானே விழுங்கும்.

ஒன்று மட்டும் மிச்சம்: தனியாக விட்டால் குஞ்சு ஓயாமல் கத்தித் தெம்பை இழக்கும். தொற்று பயம் இருப்பதால் மற்றக் குஞ்சுகளோடு சேர்க்கவும் முடியாது. நடுவே ஒரு கம்பி வலை வைத்துவிடுங்கள். அந்தப் பக்கத்துக் கீச்சொலி கேட்டாலே பாதி அழுகை அடங்கிவிடும்.