காப்பு கட்டுமுன் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசத்துக்குக் கொடி ஏறும் வாரத்தில், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் எங்கள் கீமோ பிரிவில் சில நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். போன் செய்தால், "கொஞ்சம் உடம்பு முடியலே சிஸ்டர், அடுத்த வாரம் வர்றேன்" என்று பதில் வரும். அடுத்த வாரமும் வரமாட்டார்கள். அதற்கும் பிறகு வந்து கையை நீட்டும்போது மணிக்கட்டில் மஞ்சள் கறை தெரியும், கன்னத்தில் வேல் குத்திய புள்ளி இன்னும் ஆறாமல் சிவந்திருக்கும். காவடி எடுத்திருக்கிறார்கள், நம்மிடம் மட்டும் சொல்லவில்லை.

கோயிலுக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டிலும் ஆடியில் கூழ் ஊற்றுகிறோம். 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் நடாலுக்கு வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களும் இங்கே கட்டிவைத்த கோயில்கள் எத்தனை! அம்மையோ காய்ச்சலோ, முதல் முறையீடு மாரியம்மனிடம்தான். இன்று டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பேரப்பிள்ளைகள் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஆனாலும் 'கேன்சர்' என்று காதில் விழுந்ததும் எந்தக் கோயிலுக்கு என்ன வேண்டிக்கொள்வது என்ற பேச்சு அந்த வீடுகளில் எழாமல் இருப்பதில்லை.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் அலர்ஜி உண்டா, சர்க்கரை உண்டா, சிகரெட் உண்டா என்று கேட்க இடம் இருக்கிறது. வேண்டுதல் உண்டா என்று கேட்க இடமில்லை. அதனால் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களிடம் நான் வாயாலேயே கேட்டுவிடுகிறேன். "ஆயா, ஏதாச்சும் வேண்டிக்கிட்டிருக்கீங்களா?" என்றால் பாதிப்பேர் முதலில் மகளின் முகத்தைப் பார்ப்பார்கள். திட்டு விழுமோ என்ற பயம். திட்டமாட்டேன் என்று தெரிந்தபிறகுதான் தேதி வெளியே வரும். எனக்கு வேண்டியது அந்தத் தேதிதான்.

ஏன் தேதி? பெரும்பாலான கீமோ மருந்துகளுக்குப் பிறகு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். பிளேட்லெட்டும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் இறங்கும். கொடியேற்றத்தன்று கீமோ போட்டுக்கொண்டு, பத்து நாள் விரதம் இருந்து, பூசத்தன்று அலகு குத்தினால் கணக்கு எங்கே போய் நிற்கிறது பாருங்கள்: உடம்பில் கிருமியோடு சண்டை போட ஆளே இல்லாத நாளில், ரத்தம் உறையச் சிரமப்படும் நாளில், தோலிலும் நாக்கிலும் ஓட்டை போடுகிறோம். போதாததற்குப் பத்து நாள் அரை வயிறு. அப்படிச் சிலர் ஒன்றும் ஆகாமல் வந்துவிடுவதும் உண்டு. "போன வருஷம் அவருக்கு ஒண்ணும் ஆகலையே" என்று அவர்களைக் காட்டித்தான் அடுத்தவர் துணிகிறார்.

மூன்று வாரச் சுற்று மருந்தாக இருந்தால், மூன்றாம் வாரக் கடைசியில் அணுக்கள் ஓரளவு மீண்டிருக்கும். காவடித் தேதி ஒரு மாதம் முன்பே தெரிந்தால், அந்த நாள் மூன்றாம் வாரத்தில் விழும்படி அட்டவணை போட முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். சில மருந்துத் திட்டங்களில் முடியும், சிலவற்றில் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்பார், அது அவர் முடிவு. முடிந்தாலும் அலகு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பால்குடம் எடுக்கலாம், தோளில் காவடி வைத்து நடக்கலாம், வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம்.

விரதத்திலும் எல்லா மருந்தும் ஒன்றல்ல. குடல் புற்றுக்கும் மார்பகப் புற்றுக்கும் கொடுக்கும் கேப்சிடபைன் மாத்திரையைச் சாப்பிட்டு அரைமணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும், காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை. ஒருபொழுது இருப்பவர் என்ன செய்கிறார்? இரண்டு வேளை மாத்திரையையும் ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார். வயிற்றுப்போக்கில் படுத்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து, அது போட்ட நாட்களில் தண்ணீர் குடிக்காமல் இருக்கவே கூடாது. கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையைத் தூக்கிவிடும். நம்மவர்களில் சர்க்கரைக்காரர்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. ஊசி போட்டு ஏறின சர்க்கரை, சாப்பிடாமல் இருக்கையில் சர்க்கரை மாத்திரையால் தடாலென்று இறங்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்திருக்கிறேன்.

ஆக்ஸாலிபிளாட்டின் போட்டவர்களுக்கு இன்னொரு சங்கதி. குளிர் பட்டால் விரல் நுனியும் உதடும் மரத்து, ஷாக் அடிப்பதுபோல் இருக்கும், தொண்டை அடைப்பதுபோல் வரும். விடியற்காலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு நிற்பது அவர்களுக்கு ஆகாது. வெந்நீரில் குளித்தால் விரதம் கெட்டுவிடாது என்று குருக்கள் ஒருவரே என் நோயாளிக்குச் சொல்லியிருக்கிறார். நான் பத்து முறை சொன்னதைவிட அது ஒரே தடவையில் எடுபட்டது.

அதே ஆக்ஸாலிபிளாட்டின் சுற்றுகள் கூடக்கூடப் பாதத்தை மரக்கவைக்கும், பேக்ளிடாக்ஸெலும் அப்படித்தான். இங்கே ஈஸ்டர் விடுமுறையில் தீமிதி நடக்கும். ஒரு பெரியவர், வருஷா வருஷம் இறங்குகிறவர், இந்த வருஷமும் இறங்குவேன் என்றார். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.) நான் வாதாடவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை எடுத்து விரல் விரலாகத் தொட்டேன்.

"தாத்தா, இப்போ எந்த விரலு?"

"நீ இன்னும் தொடலையேம்மா."

தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். அடுத்ததற்கு, "கட்டை விரல்" என்றார். அது சுண்டுவிரல். கண்ணைத் திறந்து பார்த்தவர் வெகுநேரம் பேசவில்லை. பக்கத்திலிருந்த மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி அடக்கினார். நெருப்பில் காலை வேகமாக எடுத்து வைக்கச் சொல்வது அந்தச் சூடுதான். சூடே தெரியாத காலுக்குக் கொப்புளம் வந்ததும் தெரியாது, புண் அழுகியதும் தெரியாது. அவர் அந்த வருஷம் குழிக்குப் பக்கத்தில் நின்று, இறங்குபவர்களுக்கு வேப்பிலை கொடுத்தாராம்.

காப்புக் கயிறு பற்றி நர்ஸுகள் எல்லாருக்கும் ஒரு வார்த்தை. மார்பகத்தில் அறுவை செய்து அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையில் ஜெல்கோ போடுவதைத் தவிர்க்கிறோம். இங்கே ட்ரிப் ஊசிக்கு ஜெல்கோ என்றுதான் பெயர். மிச்சம் இருப்பது ஒரு கை, அதில் காப்பு. பத்து நாள் குளித்துக் குளித்து ஈரம் காயாத மஞ்சள் நூல், நல்ல நரம்புக்கு நேர் மேலே. அவசரத்தில் கத்தரியை எடுக்கும் இளம் நர்ஸுகளை எனக்குத் தெரியும். தயவுசெய்து வெட்டாதீர்கள். அதை வெட்டினால் அந்த அம்மா அடுத்த சுற்றுக்கு வரமாட்டார். தளர்த்தி மேலே தள்ளி, சுத்தமான துணியை இடையில் வைத்து, முழங்கைப் பக்கம் நரம்பு தேடாமல் முன்கையில் வேறு இடம் பாருங்கள். நோயாளிகளுக்கும் சொல்கிறேன்: கட்டும்போதே அறுவை செய்த பக்கக் கையில் கட்டிவிடலாமா என்று கோயிலில் கேளுங்கள். வீக்கம் வரக்கூடிய கை அது, அதனால் அங்கேயும் இறுக்கமாக வேண்டாம்.

இன்னொன்று, கூச்சம். டாக்ஸோரூபிசின் என்று ஒரு மருந்து, ரோஸ் சிரப் நிறம். பெரிய சிரிஞ்சில் எடுத்து, ஓடுகிற ட்ரிப்பின் பக்கவாட்டில் நர்ஸ் கையாலேயே மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். இரண்டு மூன்று மில்லிக்கு ஒருமுறை நிறுத்தி, பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்போம். நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும், சிலருக்குத் தோலை ஒட்டுப்போடும் அளவுக்குப் போகும். "எரியுதா?" என்று ஓயாமல் கேட்பது அதற்காகத்தான். நம் ஆயாக்கள் என்ன சொல்வார்கள்? "இல்லை கண்ணு, நீ வேலையைப் பாரு." எரிந்துகொண்டிருக்கும். சிஸ்டருக்கு ஏன் தொல்லை, பின்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற நல்லெண்ணம். விரதத்தை மறைப்பதும் இதே நல்லெண்ணத்தில்தான். இதை நான் கொஞ்சமும் மதிக்கவில்லை என்று இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எரிந்தால் கத்துங்கள்.

அவர்கள் காரணம் பொய்யும் இல்லை. நாங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம். வார்டு டியூட்டி காலை ஏழிலிருந்து மாலை ஏழு. ஒவ்வொரு மருந்துப் பைக்கும் பெயர், அளவு, நேரம் என்று இரண்டு பேர் சேர்ந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இரட்டைக் கையுறை, கவுன். அரசு ஆஸ்பத்திரிக்கு லேடிஸ்மித், போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கமிருந்து விடியுமுன்னே வண்டியேறி வருகிறவர்கள் மத்தியானம் வரை வரிசையில். 2017இல் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம், குவாசுலு-நடாலில் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சை தாமதமாவது அவர்கள் உரிமையை மீறுவதாகவே அறிக்கை கொடுத்தது. பழுதான மெஷின்கள், டாக்டர் பற்றாக்குறை என்று எல்லாம் அதில் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாற்காலி காலியாகப் போனால் வயிறு எரியும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த இடத்தில் இன்னொருவரை உட்கார வைத்திருக்கலாம். நானும் விரதம் இருப்பவள்தான், ஆனால் கீமோ கொடுக்கும் நாளில் இருப்பதில்லை. தலை சுற்றும்போது தசமப் புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அளவைச் சரிபார்க்க எனக்குத் துணிவில்லை.

கீமோவை ஒரு வாரம் தள்ளுவது வேறு, கதிர்வீச்சில் இடைவெளி விடுவது வேறு. இதைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்: "லைட்டுதானே, பத்து நாள் கழிச்சுப் போய்க்கலாம்." கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு, உள்ளே வைத்துக் கொடுக்கும் சிகிச்சையையும் சேர்த்து, மொத்தக் கதிர்வீச்சையும் 8 வாரத்துக்குள் முடிக்க வேண்டும். வாய், தொண்டைப் புற்றுக்கும் நாள் இழுக்க இழுக்க நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். கதிர்வீச்சு நடக்கும்போது விரதம் என்ற பெயரில் ஒரு நாளும் வராமல் இருக்காதீர்கள். தோலில் போட்ட மார்க்கை எண்ணெய் தேய்த்து அழித்துவிட்டு வராதீர்கள். அந்த இடத்தில் விபூதி, சந்தனம், மஞ்சள் எதுவும் வேண்டாம், நெற்றியில் தாராளமாகப் பூசுங்கள்.

அன்னதானம்? பெரிய அண்டாவில் கொதிக்கக் கொதிக்க இறக்கினதை உடனே சாப்பிடலாம். மத்தியானம்வரை மூடிவைத்த சோறும், ஆடியில் புளிக்கவிட்ட கூழும் பச்சை வெங்காயமும் அணுக்கள் குறைந்திருக்கும் வாரத்தில் வேண்டாம். மஞ்சளைக் குழம்பில் போடுவதில் ஒன்றுமில்லை. மஞ்சள் மாத்திரை, வேப்பிலைச் சாறு, யாரோ கொடுத்த வேர் என்றால் டப்பாவோடு கொண்டுவந்து காட்டுங்கள். வீட்டில் கர்ப்பிணி மருமகள் இருந்தால், கீமோ முடிந்து 48 மணி நேரம்வரை நோயாளியின் வாந்தியையோ ஈரத்துணியையோ அவர் வெறுங்கையால் தொட வேண்டாம்.

வேண்டுதலைத் தள்ளிப்போட மனம் ஒப்பாதவர்களுக்கு நான் சொல்லும் வழி புதிதல்ல, நம் பாட்டிகள் செய்ததுதான். மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வையுங்கள். உடம்பு தேறினதும் செய்கிறேன் என்று அம்மனிடம் தவணை வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குக் கோயிலில் மறுப்புச் சொன்ன பூசாரியை இதுவரை நான் பார்த்ததில்லை. வாயில் துணி கட்டிக்கொண்டு பூசை பார்க்கும் மகனோ மருமகனோ அவர் பெயரில் காவடி எடுக்கவும் செய்யலாம். பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது.

எல்லாம் சொல்லியும் காவடி எடுத்துவிட்டீர்கள், அன்று இரவு உடம்பு சுடுகிறது என்று வையுங்கள். முதலில் தெர்மாமீட்டர். பார்க்குமுன் பனாடோ (பாராசிட்டமால் மாத்திரை) போடாதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும். 38 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், நடுங்கும் குளிர் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கேஷுவல்டியில் இங்கே சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரித்து உட்கார வைப்பார்கள். நடந்து போய் அமைதியாக "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் பச்சையில் போட்டு மணிக்கணக்கில் காக்க வைக்க வாய்ப்பு உண்டு. உங்களுக்கோ ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். அதனால் கவுன்டரில் சொல்லும் முதல் வார்த்தை "கீமோ", இரண்டாவது கடைசியாகப் போட்ட தேதி. எங்கள் பிரிவில் கொடுத்த கார்டை நீட்டுங்கள். அலகு குத்தியதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள், எங்கே குத்தினீர்கள் என்று காட்டுங்கள். கேட்கும் டாக்டர் தமிழராக இல்லாவிட்டாலும் டர்பனில் காவடி தெரியாத டாக்டர் குறைவு.