கைக்குட்டை நனையவில்லை, கால் மட்டும் வழுக்குகிறது

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு சிம்லா போனவர்கள், லக்கர் பஜார் அருகே இருக்கும் ஸ்கேட்டிங் தளத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டிருக்கிறார்கள். எட்டாவது படிக்கும் மகன் அரை மணி நேரம் ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டு வந்து கேட்டானாம்: "நம்ம வீட்டு டைல்ஸும் வழவழன்னுதானே இருக்கு? அதுல நிக்க முடியுது, இதுல ஏன் முடியல?" கூடப் போன பெரியப்பா, "ஐஸ் உருகித் தண்ணியாகுதுல்லப்பா, அதான்" என்றிருக்கிறார். பையன் விடவில்லை. "உருகுற அளவுக்கு இங்க எங்க பெரியப்பா வெயிலு?"

அந்த இரண்டாவது கேள்வி என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

மதுரையில் பெரியப்பா சொல்வது சரிதான். நம்மூர் ஐஸ் கம்பெனிக்குள் போய்ப் பாருங்கள். குளிர்ந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியில் தகர டப்பாக்களை இறக்கி வைத்திருப்பார்கள். உறைந்ததும் டப்பாவைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால், பார் சறுக்கிக்கொண்டு வெளியே வரும். தனி ஆளால் தூக்க முடியாத பாரை ஒரே கொக்கியால் வண்டிவரை இழுத்துப்போவார்கள். 35 டிகிரி வெயிலில் அடிப்பக்கம் உருகி ஓடுகிறது, வழுக்குகிறது. இதில் வியப்பில்லை.

ஸ்கேட்டிங் தளமும் ஐஸ் கம்பெனியின் உறவுதான். தரைக்கடியில் குழாய்கள், அவற்றில் உறையாத குளிர்திரவம். 1876இல் லண்டனில் ஜான் கேம்ஜி இப்படித்தான் செயற்கைத் தளம் ஒன்றைத் திறந்தார். 1920இல் தொடங்கிய சிம்லா தளமோ இயற்கைக் குளிரை நம்பி வளர்ந்தது. இரவில் தண்ணீர் தெளிப்பார்கள். வானம் தெளிவாக இருந்தால் தரையின் வெப்பம் மேலே போய்விடும், விடிவதற்குள் உறையும். மேகம் போர்த்தினால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது.

பல வருடங்களுக்கு முன் ஒரு காலை வேளையில் நானும் அங்கே நின்றிருக்கிறேன். குனிந்து கைக்குட்டையை ஐஸ் மேல் விரித்து, கையுறையோடு அழுத்தி எடுத்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. எழுந்து அடியெடுத்து வைத்தால் கால் நழுவுகிறது.

பள்ளியில் நாம் படித்த பதில் அழுத்தம். அழுத்தினால் ஐஸின் உருகுநிலை இறங்கும், அதனால் ஸ்கேட்டிங் ஷூவின் பிளேடுக்கடியில் தண்ணீராகும் என்பார்கள். கணக்குப் போடுவோம். 60 கிலோ ஆள், பிளேடு ஐஸைத் தொடும் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் அழுத்தம் சுமார் 20 வளிமண்டலம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 20 மடங்கு. உருகுநிலை ஒரு டிகிரி இறங்கவே 130 வளிமண்டலத்துக்கு மேல் வேண்டும். ஆக, கிடைப்பது 0.15 டிகிரி. நாலு டன் கோயில் யானையை அந்த ஒற்றைப் பிளேடில் ஏற்றினால் பத்து டிகிரியைத் தாண்டலாம். மைனஸ் 22 டிகிரிக்குக் கீழே எந்த யானை ஏறினாலும் அழுத்தத்தால் உருகாது. மைனஸ் 30இலும் மனிதர்கள் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். தட்டையான செருப்போடு போனாலும் வழுக்குகிறதே!

அடுத்து உராய்வு. 1939இல் பவுடன், ஹியூஸ் என்ற இரு விஞ்ஞானிகள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் பனிக்குகையில் சோதித்து, தேய்க்கும் சூட்டில் ஐஸ் உருகுகிறது என்றார்கள். ஓடுகிறவருக்குப் பொருந்தும். கம்பியைப் பிடித்து அசையாமல் நின்ற பையனுக்கு?

அவனுக்கான பதிலின் நுனியை 1850இலேயே மைக்கேல் ஃபாரடே பிடித்துவிட்டார். இரண்டு ஐஸ் கட்டிகளைச் சேர்த்து வைத்தால் ஒட்டிக்கொள்கின்றன. அப்படியானால் ஐஸின் மேற்பரப்பில் ஏற்கெனவே மெல்லிய நீர்ப்படலம் இருக்க வேண்டும், இரண்டு ஐஸுக்கு நடுவே மாட்டியதும் அது உறைகிறது என்றார்.

இங்கேதான் எனக்கு மெய்சிலிர்க்கும். ஐஸுக்குள் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் சுற்றியுள்ள நான்கு பேரின் கையைப் பிடித்திருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கும்போது வைகைக்குள் நடுக்கூட்டத்தில் மாட்டியவர் மாதிரி அசைய முடியாது. மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே ஆள் இல்லை. மூன்று கைதான் பிடிக்கக் கிடைக்கும். சிலவற்றுக்கு இரண்டுதான். இந்த இரண்டு கை மூலக்கூறுகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. விடுவதும் பிடிப்பதுமாக உருண்டுகொண்டே இருக்கும். சிமெண்ட் தரையில் கேழ்வரகு சிந்திக் கிடக்கும்போது கால் வைத்திருக்கிறீர்களா? அதேதான். டைல்ஸில் இப்படி உருளும் மணிகள் கிடையாது. என் கைக்குட்டை நனையாததற்கும் இதுவே காரணம்: படலத்தின் கனம் சில மூலக்கூறுகள்தான்.

2018இல் ஆம்ஸ்டர்டாமிலும் ஜெர்மனியின் மைன்ஸிலும் டேனியல் போன், மிஷா போன் என்ற சகோதரர்களின் குழுக்கள் இதை அளந்தன. மைனஸ் 100 டிகிரியில் மணிகள் உறங்கிவிடுகின்றன, ஐஸ் வழுக்குவதே இல்லை. சூடு ஏற ஏற உருளல் கூடுகிறது. ரொம்ப ஏறினால் ஐஸ் இளகி, மேலே இருப்பது உள்ளே புதைகிறது. இரண்டுக்கும் நடுவே, மைனஸ் 7 டிகிரி பக்கம், வழுக்கல் உச்சம். வேகச் சறுக்குத் தளங்களை அனுபவத்தால் ஏறத்தாழ அந்த வெப்பநிலையில்தான் வைத்திருந்தார்கள்.

'ஐஸ் ஏன் வழுக்குகிறது' என்று நம்மூர்க் கல்லூரியிலிருந்து ஒருவர் ஆராய்ச்சி நிதி கேட்டால், இதனால் என்ன பயன் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது. கொல்லர் மகனாகப் பிறந்து, புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்தில் வேலை பழகிய ஃபாரடேயிடம் அன்று அப்படிக் கேட்டு மறித்திருந்தால், பையனுக்குச் சொல்ல என்னிடம் இன்று எதுவும் இருந்திருக்காது.

வழக்கு இன்னும் முடியவில்லை. 2025இல் ஜெர்மனியின் ஸார்லாந்து பல்கலைக்கழகத்தினர் கணினியில் மாதிரி செய்து பார்த்து, செருப்பின் மூலக்கூறுகளில் இருக்கும் மின் இருமுனைகளே (ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின்) ஐஸின் ஒழுங்கைக் கலைக்கின்றன, உருகவே தேவையில்லை என்கிறார்கள். அது சரியென்றால், எந்தச் செருப்பு என்பதைப் பொறுத்தும் வழுக்கல் மாறவேண்டும். அடுத்த முறை போகும்போது ரப்பர் செருப்பு ஒன்று, தோல் செருப்பு ஒன்று எடுத்துப்போகச் சொல்லி உசிலம்பட்டிக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.