பெயர் பொருந்தினால் பூட்டன் ஆகிவிட மாட்டார்

ஆஸ்திரேலியக் குடும்பங்களுக்கு அவர்களுடைய இங்கிலாந்து வேரைத் தேடிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் பலர் வெறுங்கையோடு வருவதில்லை. இணையத்தில் யாரோ போட்ட வம்சாவளியை அச்செடுத்து வருவார்கள். எள்ளுத்தாத்தா இன்ன கப்பலில் கைதியாக வந்தார், இன்ன ஊர்க்காரர் என்று எல்லாம் அதில் தயாராக இருக்கும். ஆதாரம் கேட்டால், பெயரும் வயதும் பொருந்துகின்றனவே என்பார்கள்.

1788 முதல் 1868 வரை சுமார் 1,62,000 கைதிகள் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். ஜான், வில்லியம், தாமஸ், ஜேம்ஸ் என்று ஒரு சில பெயர்களையே திரும்பத் திரும்ப வைத்த காலம் அது. அந்தக் கூட்டத்தில் உங்களுக்குத் தோதான ஒரு ஜான் கிடைக்காமல் போனால்தான் ஆச்சரியம். போதாக்குறைக்கு, 1851-இல் தங்கம் கிடைத்த பிறகு தாமாகவே கப்பலேறி வந்தவர்கள் கைதிகளைவிட மிக அதிகம்.

அதனால் தேடலை இங்கிலாந்தில் தொடங்காதீர்கள். உங்கள் மூதாதை செத்த இடத்தில் தொடங்குங்கள். விக்டோரியாவில் 1853 ஜூலையிலும் நியூ சவுத் வேல்ஸில் 1856-லும் பிறப்பு, இறப்பு, திருமணங்களுக்கு அரசுப் பதிவு வந்தது. இந்த இரண்டு இடங்களின் இறப்புச் சான்றிதழ்கள் என் போன்றவர்களுக்குப் புதையல். தகப்பன் பெயர், அவர் தொழில், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், பிறந்த ஊர், காலனிக்கு வந்து எத்தனை வருடம், எங்கே எந்த வயதில் யாரை மணந்தார், பிள்ளைகள் யார் யார் என்று வரிசையாகக் கேட்டு எழுதினார்கள். அதே காலத்து இங்கிலாந்துச் சான்றிதழில் செத்தவரின் பெற்றோர் பெயரே இருக்காது. டாஸ்மேனியா 1838-லேயே பதியத் தொடங்கிவிட்டது. ஆனால் அங்கும் விவரம் குறைவுதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த விவரங்களைச் சொன்னவர் செத்தவர் அல்ல. ஆகவே நான் முதலில் பார்ப்பது தகவல் தந்தவர் யார் என்ற கட்டத்தைத்தான். மனைவியோ மூத்த மகனோ சொல்லியிருந்தால் ஓரளவு நம்பலாம். மருத்துவமனை எழுத்தரோ விடுதிக்காரரோ சொல்லியிருந்தால் பாதிக் கட்டங்களில் ‘தெரியாது’ என்றே இருக்கும். அப்போது அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாராவது இங்கே வந்து இறந்திருக்கிறார்களா என்று தேடி, அந்தச் சான்றிதழை எடுப்பேன்.

இதற்குப் பிறகுதான் இங்கிலாந்து. அங்கே அரசுப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1 அன்று. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் ஆரம்ப ஆண்டுகளுக்கே தாயின் பிறந்தவீட்டுப் பெயரோடு பிறப்புகளைத் தேடலாம், இலவசமாக. அதற்கு முந்தையவை தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளில் இருக்கும். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பி வயதைக் கணக்கிடாதீர்கள். பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 24 வயதுக்காரர் அதில் 20. பிறந்த ஊரின் பெயரும் 1851-இலிருந்துதான் வருகிறது.

பொருத்தமான குழந்தை ஒன்று அகப்பட்டதும் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். என் வேலையில் பாதி அங்கேதான் தொடங்குகிறது: அந்தக் குழந்தை இங்கிலாந்திலேயே இருந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வயதில் புதைத்த குறிப்பு அதே தேவாலயத்தில் இருக்கலாம். விக்டோரியாவின் பெண்டிகோவில் தங்கம் தோண்டியதாக நாம் நம்புகிறவர், 1861 கணக்கெடுப்பில் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் மனைவி மக்களோடு உட்கார்ந்திருக்கலாம். இதே சோதனையை ஆஸ்திரேலியப் பக்கம் செய்வது கடினம். இங்கே காலனிக் காலக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பாலானவை மிஞ்சவில்லை. நியூ சவுத் வேல்ஸின் 1881 தாள்கள் மறு ஆண்டே சிட்னியின் கார்டன் பேலஸ் கட்டடம் எரிந்தபோது போயின.

உண்மையிலேயே கைதி என்றால் கொடுத்துவைத்தவர்கள். உயரம், கண் நிறம், பச்சை குத்தியது வரை எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் ‘மணமாகாதவர்’ என்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கைதிகள் மணம் செய்ய அரசின் அனுமதி வேண்டும். ஊரில் மனைவி இருக்கிறாள் என்று சொன்னால் அது கிடைக்காது.

அவர் கைதியாக இல்லாமல் காவல் சிப்பாயாக இருந்திருந்தால், நடுவில் சில வருடங்கள் காணாமல் போவார். பல படைப்பிரிவுகள் இங்கிருந்து நேரே இந்தியாவுக்குப் போயின. அப்போது பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள மெட்ராஸ் தேவாலயப் பதிவுகளைப் புரட்டுவேன்.

கடைசியாகக் காசு விஷயம். குடும்பப் பெயருக்கென்று மரபுச் சின்னம் விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, பெயருக்கு அல்ல. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்கள், லண்டன் குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியின் வழக்குக் குறிப்புகள், டாஸ்மேனியக் கைதி ஆவணங்கள் எல்லாம் இலவசம். வம்சாவளித் தளங்களுக்குச் சந்தா கட்டுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.