ஞாயிற்றுக்கிழமை கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்

பரண் ஒழிக்கும்போது வீடியோ கேசட்டுகள்தான் முதலில் குப்பைக்குப் போகின்றன. 'ஞாயிறு படம்' என்று எழுதியிருந்தால், அந்தப் படம் இப்போது எங்கும் கிடைக்கிறதே என்று தோன்றும். படம் கிடைக்கும். அதற்கு முன்னும் பின்னும் பதிவானது கிடைக்காது.

1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியில் வெள்ளி என்றால் ஒளியும் ஒலியும், ஞாயிறு மாலை என்றால் தமிழ்ப் படம். 1987 ஜனவரி 25 முதல் ஞாயிறு காலை ராமாயணம், 1988 அக்டோபர் 2 முதல் மகாபாரதம். தொடர்கள் பிழைத்துக்கொண்டன. அறிவிப்பாளர் சொன்ன நிகழ்ச்சி விவரம், விளம்பரங்கள், 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை ஆகியவற்றை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. டேப் விலை அதிகம் என்பதால் நிலையங்களில் பழையதன் மேலேயே புதியதைப் பதிவார்கள். அந்த ஞாயிறுகளுக்குப் பல நேரம் வீட்டுக் கேசட் மட்டுமே சாட்சி.

டெக்கில் (கேசட் ஓட்டும் விசிஆரில்) போடும் முன் கேசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள். சுருளின் விளிம்பில் கோலமாவு தூவியது போல் வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சை. போடவே கூடாது, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனிக் கவரில் போட்டு, டேப் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள். 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் உற்பத்தியை நிறுத்திவிட்டதால் புது டெக் கிடையாது. இருப்பதைக் கெடுத்துக்கொண்டால் மாற்று தேடி அலைய வேண்டும்.

சுத்தமான கேசட் என்றால், அழியாமல் இருக்க முதுகிலுள்ள பிளாஸ்டிக் தாழை உடைத்துவிடுங்கள். பிறகு கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஹெட் துடைக்க 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் துணி போதும். துணியை அசையாமல் பிடித்துக்கொண்டு ஹெட் பொருத்திய டிரம் என்ற உருளையைக் கையால் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் முனை உடையும். காது குடையும் பஞ்சுக்குச்சியின் இழை அதில் சிக்கும்.

கணினியில் ஏற்றும்போது பதிவு 720×576, நொடிக்கு 25 பிரேம், இன்டர்லேஸ் (ஒற்றை, இரட்டைக் கோடுகளை மாறிமாறிக் காட்டும் முறை) குலையாமல் இருக்கட்டும். DV (டிஜிட்டல் வீடியோ) வடிவத்தில் மணிக்குச் சுமார் 13 ஜிபி. மூன்று மணி நேர இ-180 கேசட்டுக்கு 40 ஜிபி ஒதுக்குங்கள். மலிவான யுஎஸ்பி கருவிகள் சிக்னல் ஆடும்போது பிரேமைத் தவறவிடுவதால் உதடும் குரலும் விலகிப்போகும். நடுவில் சிக்னலின் நேர ஆட்டத்தைச் சீராக்கும் டைம்பேஸ் கரெக்டர் வைத்தால் சரியாகும். அடியில் ஆடும் கோடுகளையோ விளம்பரங்களையோ மூலக் கோப்பில் வெட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பத் தனியாக ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

'வணக்கம்' போட்டதும் நிறுத்திவிடாதீர்கள். புள்ளி பறந்தாலும் டேப் தீரும்வரை ஓடட்டும். மேலே மேலே பதிந்த கேசட்டில், அதற்கு அப்புறம்தான் அழியாமல் தப்பிய இன்னொரு ஞாயிற்றுக்கிழமையின் வால் இருக்கும்.