ஒரே மண்சரிவு, மூன்று விலாசம்

போன வடகிழக்குப் பருவமழையில் ஒரு ராத்திரி, குன்னூர்–கோத்தகிரி சாலையில் வண்டிச்சோலை தாண்டி மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. பெரிய சரிவெல்லாம் இல்லை, ஒரு சில்வர் ஓக் மரமும் இரண்டு லாரி செம்மண்ணும்தான். பார்த்தவர் ஒருவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் அடித்தார். மரம் விழும்போது கரண்ட் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்ததால் லைன்மேனுக்குத் தனியாகத் தகவல் போனது. கிராமத்து வி.ஏ.ஓ. தாலுகா அலுவலகத்துக்குச் சொன்னார். மூன்று பேர் சொன்னதும் உண்மை. ஆனால் முதல் ஆள் 'டீ பேக்டரிக்கு மேல இருக்கிற வளைவு' என்றார், லைன்மேன் மின்கம்பத்தின் எண்ணைச் சொன்னார், வி.ஏ.ஓ. வருவாய்க் கிராமத்தின் பெயரைச் சொன்னார். பதிவேட்டில் மூன்று சரிவு ஏறிவிட்டது. அதே ராத்திரி இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிஜமாகவே இன்னொன்று சரிந்தது. அதைச் சொல்லப் போன் செய்தவரிடம், 'அங்கே ஏற்கெனவே ஆள் போயாச்சு' என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். ஒரே வளைவில் இரண்டு பொக்லைன்கள் நின்றன, இன்னொரு வளைவில் ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டாவது சரிவுக்கு அந்தப் பக்கம் காருக்குள் விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

துறைகளுக்குள் ஒருங்கிணைப்பே இல்லை என்று டீக்கடையில் திட்டுவது சுலபம், நானும் அன்றைக்குத் திட்டினேன். அப்புறம் விசாரித்துப் பார்த்தால் யாரும் தகவலை மறைக்கவில்லை, யாரும் தூங்கவும் இல்லை. ஒரு பொருளுக்கு மூன்று பெயர் இருந்தது, மூன்றும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்க வழி இல்லை. அவ்வளவுதான் கோளாறு.

மலையில் இது ரொம்பவே அதிகம். நெடுஞ்சாலைத் துறைக்கு கிலோமீட்டர் கல், ரயில்வேக்குத் தன் தடத்தின் கிலோமீட்டர், வனத்துறைக்கு பீட் என்கிற காவல் பகுதி, போலீசுக்கு வளைவு எண், ஊர்க்காரர்களுக்கு எஸ்டேட் பெயரோ ஹட்டியின், அதாவது படுகர் கிராமத்தின் பெயரோ. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் ரோடும் மலை ரயில் பாதையும் பல இடங்களில் ஒரே மலைச்சரிவில் மேலும் கீழுமாகப் போகின்றன. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் இறங்கிய மண் ரோட்டையும் தண்டவாளத்தையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போனது. மண்ணுக்கு அது ஒரே பள்ளம், கோப்பில் மட்டும் இரண்டு துறையின் இரண்டு சம்பவம்.

இதற்குப் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அட்சரேகை, தீர்க்கரேகை. தசம புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் சொன்னால் ஏறக்குறைய 11 மீட்டருக்குள் இடத்தைப் பிடித்துவிடலாம், ஒரு பஸ்ஸின் நீளம். போனில் இருப்பதுதானே, இதில் என்ன கஷ்டம் என்றால், இங்கேயும் வரிசைச் சண்டை உண்டு. எச்சரிக்கை அனுப்பும் மென்பொருள்கள் அட்சரேகையை முதலில் எழுதும், வரைபட மென்பொருள்கள் பல தீர்க்கரேகையை முதலில் எழுதும். குன்னூர் சுமாராக 11.35 வடக்கு, 76.80 கிழக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் நம் மண்சரிவு ஆர்க்டிக் பக்கம், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே கடலுக்குள் போய் விழும். அவ்வளவு தூரம் போனால் யாராவது கவனித்துவிடுவார்கள். ஒரே ஒரு இலக்கம் தவறி அடுத்த பள்ளத்தாக்கில் விழும் பிழைதான் ஆபத்து, பார்த்தால் சரி போலவே இருக்கும்.

நேரமும் இப்படித்தான். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8:30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8:30-க்கு முடியும். 2019 ஆகஸ்ட் 8 காலை நீலகிரியின் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர், மறுநாள் காலை 91 சென்டிமீட்டர் என்று பதிவானது. 204.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலே 'மிக மிக கனமழை' என்கிற கணக்கில் அது நாலு மடங்குக்கும் மேல். ஆனால் '8-ம் தேதி மழை' என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி 7-ம் தேதி பகலிலும் இரவிலும் பெய்தது. மழை அளவையும் சரிவு நடந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் இதை மறந்தால், மண் சரிந்த பிறகுதான் மழை பெய்தது போலக் கணக்கு வரும். கம்ப்யூட்டர் சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் ஓடுவது இன்னொரு தலைவலி: இங்கே இரவு 11 மணி என்பது அங்கே மாலை 5:30.

இந்த மாதிரிக் குழப்பங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் சி.ஏ.பி. என்கிற பொது எச்சரிக்கை வடிவத்தை உருவாக்கினார்கள். ஓயாசிஸ் என்கிற சர்வதேசத் தர அமைப்பு 2004-இல் அதை ஏற்றது, இப்போது புழக்கத்தில் இருக்கும் 1.2 பதிப்பு 2010-இல் வந்தது. நம் நாட்டில் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் கட்டிய 'சசேத்' எச்சரிக்கைத் தளம் இதில்தான் ஓடுகிறது. மணியார்டர் பாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், எந்த ஊர்த் தபால் நிலையத்தில் நீட்டினாலும் தொகை எங்கே, முகவரி எங்கே என்று கண் தானாகப் போகும். இதுவும் அப்படியொரு பாரம்தான். யார் அனுப்பியது, எப்போது, எந்தப் பரப்புக்கு என்று கட்டங்கள். நேரத்தோடு +05:30 என்று நம் நேர வித்தியாசத்தையும் எழுதியே ஆக வேண்டும். பரப்பைப் பலகோணமாக வரைந்தால் தொடங்கிய புள்ளியிலேயே முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது. இது நிஜமா ஒத்திகையா என்று தனிக் கட்டம் உண்டு. ஒத்திகை என்று எழுதாத ஒத்திகைச் செய்தி ஒன்று வாட்ஸ்அப்பில் கிளம்பினால் என்ன ஆகும் என்று குந்தா அணைப் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

எனக்குப் பிடித்தது, ஆபத்தை மூன்றாகப் பிரித்திருக்கும் விதம். எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம். மூன்றும் தனித்தனிக் கட்டம். 'ரெட் அலர்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் இந்த மூன்றையும் போட்டு அடைத்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம். நாளை மறுநாள் ஒருவேளை வரக்கூடிய பெருமழையும், இப்போதே கண்ணெதிரே விரிசல் விட்டுக்கொண்டிருக்கும் சரிவும் ஒரே மாதிரி வேலை கேட்பதில்லை. முதலாவதற்குப் பள்ளிக்கூடங்களைத் திறந்து அரிசி பருப்பு இறக்கி வைக்க வேண்டும், இரண்டாவதற்கு வீட்டை விட்டு ஓட வேண்டும்.

வண்ணத்திலும் சிக்கல் இருக்கிறது. வானிலைத் துறை கொடுக்கும் வண்ணம் மழைக்கானது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு வாய்ப்பைத் தனியாகக் கணித்து, 2020 பருவமழையிலிருந்து சோதனையாக டார்ஜிலிங்குக்கும் நீலகிரிக்கும் அறிக்கை கொடுத்து வந்தது. ஒரே நாளில் மழைக்கு ஒரு நிறமும் சரிவுக்கு வேறொரு நிறமும் வரலாம், இரண்டுமே தப்பில்லை. மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம் பூசுவதும் இங்கே சரிப்படாது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சியை நனைத்து எடுக்கும்போது கோத்தகிரியில் துணி காயும். வடகிழக்கில் இது அப்படியே தலைகீழ்.

அணைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிக் கதை. மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு, குந்தா எல்லாம் மின்வாரியத்துடையவை. அந்தத் தண்ணீர் இறங்கி பில்லூர் அணைக்கு வரும். பில்லூரின் முழு நீர்மட்டம் 100 அடி. நிரம்பி வரும்போது மதகைத் திறந்தால் பவானி ஆற்றில் மேட்டுப்பாளையம் வழியாகப் பவானிசாகருக்குப் போகும், அது நீர்வளத் துறையின் அணை. ஆக மழையை அளப்பது ஒருவர், மதகு இன்னொருவர் கையில், ஆற்றங்கரையில் தண்டோரா போடுவது வேறொரு மாவட்டத்தின் வருவாய்த் துறை. மேட்டுப்பாளையத்தில் துணி துவைக்கிறவருக்கு மேலே வானம் பளிச்சென்று இருக்கும். அவரைக் காப்பாற்றுவது மலைமேல் யாரோ செய்யும் ஒரு போன் கால்தான், அதுவும் மதகு திறந்த பிறகு இல்லை, திறப்பதற்கு முன்பே.

2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆட்சியரைத் தலைவராக வைத்து எல்லாத் துறையையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1077-க்கு அடித்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எடுக்கும். அதிகாரம் யாரிடம் என்பது தீர்ந்துவிட்டது, 'கிடைத்ததா' என்பது தீரவில்லை. அனுப்பினேன் என்பதும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதும் வேறு. விமானிகள் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவார்கள், ஒயர்லெஸ்ஸிலும் அந்தப் பழக்கம் உண்டு. சி.ஏ.பி.யில் 'பெற்றுக்கொண்டேன்' என்பதற்கே ஒரு செய்தி வகை இருக்கிறது, பழைய செய்தியைத் திருத்தவும் ரத்து செய்யவும் வகைகள் இருக்கின்றன, திருத்தம் எந்தச் செய்தியைத் திருத்துகிறது என்று அதன் எண்ணோடு வர வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நீல டிக் வந்தால் போதும் என்று நினைப்பது இதற்கு ஈடாகாது, குழுவில் எல்லோர் போனிலும் செய்தி திறக்கப்பட்டது என்பதைத்தான் அது சொல்லும்.

வாட்ஸ்அப்பை நான் குறை சொல்லவில்லை, மலையில் பாதி வேலை அதில்தான் நடக்கிறது. ஆனால் சரிவைப் படம் எடுத்துச் சாதாரணமாக அனுப்பினால், படத்துக்குள் இருந்த இடமும் எடுத்த நேரமும் வழியிலேயே உதிர்ந்துவிடும். நாலு குழு சுற்றி அஞ்சாவது குழுவுக்கு வரும்போது அது 2019 அவலாஞ்சியா, இன்றைக்கு எடுத்ததா என்று யாருக்கும் தெரியாது. அதே படத்தை டாகுமெண்டாக அனுப்பினால் இரண்டும் கூடவே போகும். லொக்கேஷனைத் தனியாகப் போட்டாலும் சரி.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியதும் ஒரு லொக்கேஷன்தான். விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு பால் வண்டிக்காரர் வந்து நின்றார், இறங்கி மண்மேல் ஏறி நின்று, தனக்குத் தெரிந்த ரோடு இன்ஸ்பெக்டருக்கு அந்த இடத்தின் புள்ளியை அனுப்பினார். அது முதல் சரிவின் புள்ளி இல்லை என்பது அப்போதுதான் அதிகாரிகள் பக்கத்தில் தெரிந்தது. முக்கால் மணி நேரத்தில் இரண்டாவது பொக்லைன் சத்தம் கீழே வளைவில் கேட்டது. பால்காரர் அதற்குள் எங்கள் எல்லோருக்கும் ஒரு கேனைத் திறந்து ஊற்றிக் கொடுத்துவிட்டார், சர்க்கரை இல்லாமல்.